நாய் கவ்விய கோழியை வீட்டுக்குள் வைத்துத் தேற்ற முடியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறீர்கள். மொட்டை மாடியில் மூன்று பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்கிறீர்கள். அதில் முட்டையிடத் தொடங்கியிருந்த வெடைக்கோழி ஒன்று படியிறங்கித் தெருவுக்குப் போக, நாய் கவ்விவிட்டது. முதுகில் பல் பதிந்த இரண்டு ஓட்டைகள், இறக்கைக்குக் கீழே தோல் கிழிசல், இடது காலை ஊன்ற மாட்டேன் என்கிறது. அம்மா மஞ்சள் அப்பியிருக்கிறார். குளியலறையில் அட்டைப்பெட்டிக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர்கூட இறங்கவில்லை. அக்கம்பக்கத்தில் 'அறுத்துக் குழம்பு வைத்துவிடுங்கள்' என்கிறார்கள். பிழைக்குமா, வீட்டுக்குள் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கோழியின் தோலும் சதையும் ஆறுகிற வேகம் முதன்முறை பார்ப்பவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும். முதுகுத் தோல் உள்ளங்கை அகலம் உரிந்துபோன கோழிகூட சில வாரங்களில் தோல் மூடி எழுந்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நாய் கவ்வி, அன்றைக்கே சாகாமல் தப்பிய கோழி பிறகு சாவது பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியும் காயத்தால் அல்ல. அதிர்ச்சி, பல் வழியாக உள்ளே போன கிருமி, ஈ முட்டையிட்டு வந்த புழு, தண்ணீரும் தீனியும் இறங்காமல் வரும் சோர்வு, இவைதான் கொல்கின்றன. ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: பாசத்தில் மணிக்கொரு தரம் தூக்கிப் பார்ப்பது. நாயும் மனிதனும் கோழிக்கு ஒரே இனம்தான், இரண்டும் பிடித்துத் தின்கிறவை. தூக்கும்போதெல்லாம் அதற்கு மறுபடியும் கவ்வப்பட்ட மாதிரிதான்.

அதனால் முதல் இரவில் வேலை குறைவு. இருட்டான, சத்தமில்லாத இடம், காலுக்கடியில் வழுக்காத துணி, உடம்புக்குக் கொஞ்சம் சூடு. கோழியின் இயல்பான உடல் வெப்பமே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு எப்போதும் 'காய்ச்சலடிக்கிற' மாதிரித்தான் தெரியும். அப்படித் தெரியாமல் கால் சில்லென்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கமாக வையுங்கள், மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் அது தானே விலகிக்கொள்ள இடம் வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். நம்மூர் மே மாதத்தில், மேலே மொட்டை மாடி உள்ள வீட்டில், குளிரைவிட இந்தச் சூடுதான் பெரிய ஆபத்து. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாய் வழியாக மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். காயத்தோடு மூச்சிரைப்பதற்குத் தெம்பு இருக்காது. பகலில் வீட்டிலேயே குளிர்ச்சியான அறை எதுவோ அங்கே மாற்றுங்கள். மின்விசிறிக் காற்று நேரே படாமல் அறையில் சுழன்றால் போதும்.

ரத்தம் இன்னும் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள், உறைந்தது பிய்ந்துவிடும். ஒன்றரைக் கிலோ கோழியின் உடம்பில் மொத்தமே நூறு மில்லி அளவுக்குத்தான் ரத்தம். தரையில் நான்கு சொட்டு தெறித்திருப்பதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. ஆனால் துணி நனைகிற அளவுக்குப் போய், கொண்டையும் வெளுத்திருந்தால் நிலைமை மோசம். கொண்டை நீலம் பாய்ந்திருந்தால் அது வேறு, மூச்சுக் கோளாறு. கொண்டையின் நிறத்தை இன்றைக்கே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஒப்பிட்டுப் பார்க்க நினைவை நம்ப முடியாது.

காயத்தைக் கழுவுவது கோழி சற்றுத் தெளிந்த பிறகு. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய தேக்கரண்டியால் ஒன்றரை. இந்த உப்புநீரை ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துக் கிழிசல் மேல் பீய்ச்சிக் கழுவுங்கள். அம்மா வைத்த மஞ்சளும் கழுவியே வரட்டும். மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் இருப்பதை நான் மறுக்கவில்லை. சிராய்ப்புக்குப் போடுங்கள். ஆனால் பல் பதிந்த ஆழமான ஓட்டையில் அடுப்படி மஞ்சள்தூளை அப்பினால் அது கட்டியாகி வாயை அடைத்துவிடும், அழுக்கு உள்ளேயே தங்கும். கழுவிய பிறகு போவிடோன் அயோடின் கரைசலை, பால் விடாத லேசான டீயின் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து ஒருமுறை தடவலாம். டெட்டால், ஸ்பிரிட், பொங்கி நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் திறந்த சதையில் வேண்டாம். அவை கிருமியோடு, புதிதாக வளரவேண்டிய திசுவையும் சேர்த்துக் கொல்லும்.

முதுகு ஓட்டைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கோழியின் நுரையீரலோடு இணைந்து உடம்பு நெடுகக் காற்றுப் பைகள் இருக்கின்றன, இறக்கையின் மேலெலும்புக்குள்கூட அவை நுழைகின்றன. முதுகிலும் விலாவிலும் ஆழமாகக் குத்திய ஓட்டைக்குள் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் அது நேரே மூச்சுப் பாதைக்குப் போய்விடக்கூடும். அங்கே வெளியோரத்தை மட்டும் துடைத்தெடுங்கள். காயத்தைச் சுற்றித் தோல் உப்பி, தொட்டால் உள்ளே காற்று சரசரப்பது போலிருந்தால் காற்றுப் பை கிழிந்திருக்கிறது. சின்னக் கிழிசல் தானே மூடிக்கொள்ளும். உப்பல் பெருகிக்கொண்டே போனால் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே ஓடும். பிடிக்கும்போது நெஞ்சை இறுக்கினாலோ, கட்டுப்போடும்போது உடம்பைச் சுற்றி இறுகச் சுற்றினாலோ, கத்தாமல் கொள்ளாமல் கையிலேயே மூச்சடைத்துப் போகும்.

காயத்தின் ஓரத்திலிருக்கும் இறகை ஒட்ட நறுக்குங்கள், பிடுங்காதீர்கள். கோழித்தோல் மிக மெலிசு, இறகோடு சேர்ந்து கிழிந்து வரும். நறுக்கிய இறகு அடுத்த இறகுதிர்ப்புவரை குட்டையாகவே நிற்கும், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. நாய் வேரோடு பிடுங்கிய இடத்தில்தான் புது இறகு சீக்கிரம் முளைக்கும்.

இரண்டு மூன்று நாளில் தோல் பச்சையாக மாறும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நமக்கு அடிபட்ட இடம் கன்றி ஊதாவாகி மஞ்சளாவது போல, கோழிக்கு அது பச்சையாகும். ரத்தம் சிதையும்போது வரும் பச்சை நிறமியை மஞ்சளாக மாற்றும் நொதி பறவைகளுக்கு இல்லை என்பதுதான் காரணம். 'அழுகிவிட்டது' என்று நினைத்து இந்தக் கட்டத்தில் கோழியைக் கைவிடுகிறவர்கள் உண்டு. அழுகலுக்கு அடையாளம் நாற்றமும், தோல் கறுத்து ஈரமாகச் சில்லிட்டுப் போவதும். சீழையும் நம் காயத்தை வைத்துக் கணிக்கக்கூடாது. கோழிக்குச் சீழ் ஒழுகாது, மஞ்சள் நிறத்தில் பாலாடைக்கட்டி மாதிரிக் கெட்டிப்பட்டுத் தோலுக்கடியில் உட்கார்ந்திருக்கும். மேலே பொருக்குத் தட்டி நன்றாக ஆறியது போலத் தெரிந்தாலும், விரலால் தடவினால் கட்டியாக, சூடாகத் தட்டுப்பட்டால் உள்ளே சீழ்தான். பல் ஓட்டைகள் இப்படித்தான் ஏமாற்றும். பெரிய கிழிசல் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் காற்றோட்டமாக ஆறிவிடும், சின்ன ஓட்டைதான் பத்தாம் நாள் ஆளைச் சாய்க்கும்.

அதனால்தான் நாய், பூனை கடித்த கோழிக்கு வீட்டு வைத்தியம் மட்டும் போதாது என்கிறேன். முடிந்தவரை ஒரு நாளுக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்க வேண்டும், பூனைக் கடி என்றால் இன்னும் அவசரம். என்ன மருந்து, எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவர் எழுதட்டும். மருந்துக்கடையில் 'கோழிக்கு ஏதாவது கொடுங்க' என்று கேட்டு வாங்காதீர்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டலாம். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து வழி கேட்கலாம், அந்த வண்டிகள் பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக ஓடுபவை என்பதையும் மனதில் வையுங்கள். தையல், எலும்பு என்று வந்துவிட்டால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகள் நல்லவை. உங்களுக்கு ஒரத்தநாடும் நாமக்கல்லும் எட்டக்கூடிய தூரம். 'ஒரே ஒரு கோழிக்கா வந்தீங்க?' என்ற பார்வை சில இடங்களில் கிடைக்கும். நம்மூரில் கோழி வைத்தியம் என்பது பண்ணையை வைத்து வளர்ந்தது, பத்தாயிரத்தில் எத்தனை தேறும் என்பதே அங்கே கணக்கு. அந்தப் பார்வையைப் பொருட்படுத்தாமல், 'இது வளர்ப்புக் கோழி, செலவு செய்யத் தயார்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு மாறிவிடும்.

வலிக்கு நம் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. டைக்ளோபெனாக் கால்நடைகளுக்குப் போடப்பட்டு, அவற்றின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. கோழியின் சிறுநீரகத்துக்கும் அது கேடுதான். பாறுகளுக்குப் பாதுகாப்பான மாற்றாக முன்வைக்கப்பட்ட மெலாக்சிகாமைத்தான் மருத்துவர்கள் கோழிக்கும் வலிக்குப் பயன்படுத்துகிறார்கள், அளவு அவர்கள் சொல்ல வேண்டும். களிம்பு வாங்கும்போது பெயரில் பென்சோகெயின், லிக்னோகெயின் என்று மரக்கவைக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா பாருங்கள். பறவைகள் அதைத் தாங்குவது கடினம். தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்பாடயசின் களிம்பு இந்தமாதிரித் தோல் கிழிசலுக்கு நன்றாக வேலை செய்யும். மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் மாட்டுக் குளம்புப் புண்ணுக்கு அருமையான மருந்து, கால்நடைப் பல்கலைக்கழகமே பரிந்துரைப்பது. ஆனால் கோழிக்கு முதுகெல்லாம் எண்ணெய் பூசினால் இறகு ஒட்டிப்போய் உடல் சூட்டைக் காக்கும் திறன் போய்விடும். கால் விரல், பாதப் புண்ணோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேட்காத கேள்வி ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வெறிநோய் பாலூட்டிகளின் நோய், கடிபட்ட கோழியால் உங்களுக்கு அது வருமென்று அஞ்ச வேண்டாம். ஆனால் நாயின் வாயிலிருந்து கோழியைப் பிடுங்கியபோது உங்களுக்கு ஒரு கீறல் விழுந்திருந்தாலோ, கையில் ஏற்கெனவே இருந்த புண்ணில் நாயின் எச்சில் பட்டிருந்தாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் கோழி காத்திருக்கலாம், நீங்கள் காத்திருக்கக்கூடாது.

இனி இடம். குளியலறை வேண்டாம். ஈரம், வழுக்கல், பினாயில் நெடி மூன்றும் ஆகாதவை. சமையலறையும் வேண்டாம், அது கோழிக்கும் ஆகாது நமக்கும் ஆகாது. பறவையின் மூச்சுமண்டலம் நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மையானது. வரமிளகாய் தாளிக்கும் நெடி, சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, கொசுவர்த்தி, செருகி வைக்கும் கொசு மருந்து, அலமாரியில் போடும் நாப்தலீன் உருண்டை எல்லாம் அதைப் பாதிக்கும். அடுப்பில் காலியாகக் காய்ந்த நான்ஸ்டிக் தவாவிலிருந்து வரும் புகை நமக்குத் தெரிவதுகூட இல்லை, கூண்டுப் பறவைகளை நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவுக்கு மருந்து வைப்பதற்குப் பதில் பெட்டியின் மேல் கொசுவலையைப் போர்த்துங்கள். ஈயும் அதிலேயே நின்றுவிடும்.

ஈயைப் பற்றி விளையாட்டாகச் சொல்லவில்லை. கோடையில் திறந்த காயத்தில் ஈ உட்கார்ந்தால் ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து புழுவாகிவிடும். வெள்ளை வெள்ளையாக அரிசிக் குறுநொய் மாதிரி இறகடியில் ஒட்டியிருந்தால் அதுதான் முட்டை, உடனே சீவி எடுங்கள். காலை மாலை இருவேளையும் காயத்தைப் பார்ப்பதற்கு முதல் காரணமே இதுதான். வால்பக்கம் எச்சம் ஒட்டிய இடத்தையும் பாருங்கள், நகர முடியாத கோழிக்கு ஈ அங்கேதான் முதலில் வரும். புழு விழுந்துவிட்டால் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து உப்புநீரில் கழுவுவதுதான் பாதுகாப்பான வழி, பொறுமை வேண்டும். மாட்டுக்கு ஊற்றுவது போல டர்பன்டைன் ஊற்றினால் புழுவோடு கோழியும் போய்விடும்.

பெட்டி கோழி திரும்ப மட்டும் இடமுள்ளதாக இருக்கட்டும், நடை பயில அல்ல. துணி போடும் பெரிய பிளாஸ்டிக் கூடை கிடைத்தால் அட்டைப்பெட்டியைவிட நல்லது, கழுவலாம், காற்றும் வரும். ஊரில் என்றால் பஞ்சாரத்தைக் கவிழ்த்தாலே ஆயிற்று. அடியில் வெறும் செய்தித்தாள் போட்டால் வழுக்கிக் கால் அகன்றுவிடும். ஏற்கெனவே ஒரு கால் சரியில்லாத கோழிக்கு இது பெரிய கெடுதல். தாளின் மேல் பழைய துண்டோ சாக்கோ விரியுங்கள். உமியும் மரத்தூளும் காயத்தில் ஒட்டும், பொருக்குத் தட்டிய பிறகு மாறிக்கொள்ளலாம். கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொடாதீர்கள். சால்மோனெல்லா கிருமி நோயில்லாத கோழியின் எச்சத்திலும் இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் முத்தம் கொடுக்கவிடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர் படுக்கும் அறையிலும் கோழியை வைக்காதீர்கள், அதன் இறகுத்தூசி தாங்காது.

தண்ணீருக்கு வருவோம். தீனி ஒரு நாள் இறங்காவிட்டாலும் சமாளிக்கும், இந்த வெயிலில் தண்ணீர் இறங்காமல் சமாளிக்காது. ஆனால் வாயைப் பிளந்து ஊற்றிவிடாதீர்கள். கோழியின் நாக்குக்குப் பின்னால் உடனே தெரியும் துவாரம்தான் மூச்சுக்குழல். பாலாடையில் குழந்தைக்குப் புகட்டுவது போல ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். விரலை நனைத்து அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது அலகை அசைத்துத் தலையைத் தூக்கி விழுங்கும், அடுத்த சொட்டு வையுங்கள். இப்படி ஐந்தாறு சொட்டு போனதும் பல கோழிகள் தாமாகவே கிண்ணத்தில் குடிக்கத் தொடங்கிவிடும். முதல் நாள் மட்டும் ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கலந்து தரலாம். பிறகு வெறும் தண்ணீர். தலையைத் தூக்கவே தெம்பில்லாத கோழிக்குச் சொட்டும் வேண்டாம், மருத்துவர் ஊசி வழியாக நீர் ஏற்றட்டும்.

குடிக்கத் தொடங்கிய பிறகு தீனி. காயம் ஆறப் புரதம் வேண்டும், வெறும் நொய்யரிசியிலும் தவிட்டிலும் அது போதாது. அவித்த முட்டையை மஞ்சள் கருவோடு மசித்துக் கொடுங்கள். கோழிக்கே முட்டையா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள், கோழி சுளிக்காது. குஞ்சுத்தீவனத்தில் புரதம் சுமார் 20 சதவீதம் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து வைத்தால் நோயாளிக் கோழி சாப்பிடும். கம்பு, உடைத்த சோளம் எல்லாம் தின்னத் தொடங்கினால் ஒரு சிட்டிகை பருமணல் கூடவே வையுங்கள். வீட்டுக்குள் அதற்கு மணல் கிடைக்காது, இறைச்சிக் கடையில் மாங்காய் என்பார்களே அந்த அரைவைப் பைக்குள் கல் இல்லாவிட்டால் தானியம் அரைபடாது. வைத்ததைத் தொடாமல் இருந்தால் உங்கள் விரலால் தட்டில் டொக் டொக்கென்று கொத்திக் காட்டுங்கள். தாய்க்கோழி குஞ்சைத் தீனிக்குக் கூப்பிடும் முறை அது. பெரிய கோழிக்கும் பல நேரம் பலிக்கும்.

தின்றதா இல்லையா என்பதைத் தட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பாதி சிதறியிருக்கும். இரவில் கழுத்தடி இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள், உருண்டையாக நிறைந்திருக்க வேண்டும். விடிகாலையில் அது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் தளதளவென்று நிறைந்து, வாயில் புளித்த வாடை அடித்தால் இரை இறங்கவில்லை. எச்சம் இன்னொரு சாட்சி. வெள்ளைத் தொப்பி போட்ட கெட்டியான எச்சம் நல்லது. நடுநடுவே வரும் பழுப்பு நிறக் குழைவான, நாற்றமடிக்கும் எச்சமும் இயல்புதான், பேதி என்று நினைக்க வேண்டாம். கரும்பச்சையாகக் கொஞ்சமாகப் போனால் வயிற்றில் தீனி இல்லை, பித்தநீர் மட்டும் வருகிறது. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். காயம் நன்றாகத் தெரிந்தும் எடை இறங்கிக்கொண்டே போனால் காயத்தை நம்பாதீர்கள், எடையை நம்புங்கள்.

ஊன்றாத கால் பற்றி. உங்கள் விவரத்தில் எலும்பு முறிவு என்று உறுதியாகச் சொல்ல எதுவுமில்லை. இரண்டு காலையும் ஒரே நேரத்தில் மேலிருந்து கீழாகத் தடவி ஒப்பிடுங்கள். ஒரு இடத்தில் சட்டென்று வீங்கி, அசைத்தால் நொறநொறப்பது, கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்புவது, எலும்பு வெளியே தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தால் முறிவு. விரல்களுக்கிடையே லேசாகக் கிள்ளினால் காலை இழுக்கிறதா, உங்கள் விரலைப் பற்றுகிறதா என்றும் பாருங்கள். இழுத்தால் நரம்பு உயிரோடு இருக்கிறது. வெறும் அடி என்றால் மூன்று நான்கு நாளில் நொண்டியாவது ஊன்றத் தொடங்கும். இறகில்லாத கணுக்கால் பகுதியில் முறிந்திருந்தால் பஞ்சு சுற்றி, ஐஸ்கிரீம் குச்சி வைத்து, காகித டேப்பால் கட்டலாம். கட்டுக்குக் கீழே விரல் வீங்கினாலோ சில்லிட்டாலோ உடனே தளர்த்துங்கள். தொடை எலும்பென்றால் வீட்டில் கட்ட முயல வேண்டாம். பறவை எலும்பு சுமார் மூன்று வாரத்தில் கூடிவிடும் என்பதால் கோணலாகக் கூடுவதும் அதே வேகத்தில்தான், தள்ளிப்போட நேரமில்லை. நிற்க முடியாமல் நாள்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் நெஞ்செலும்பில் புண் வரும். துணியில் இரண்டு கால் துளை வெட்டி ஊஞ்சலாகக் கட்டி, பகலில் கொஞ்ச நேரம் பாதம் தரையைத் தொடுகிற மாதிரி உட்கார வையுங்கள். பாதி நேரம் கத்தும், பிறகு பழகிவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வரி: காயமே இல்லாமல் கோழி நொண்டினால், கழுத்தைத் திருகினால், ஒன்றுக்கு மேல் சோர்ந்தால், அது அடிபட்ட கதை அல்ல. வெள்ளைக்கழிச்சல் போன்ற நோயாக இருக்கலாம், வீட்டுக்குள் கொண்டுவராமல் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்போது கைவிடுவது என்பதையும் பேசத்தான் வேண்டும். குடல் வெளியே வந்திருந்தால், முதுகெலும்பு முறிந்து இரண்டு காலும் உணர்வில்லாமல் போயிருந்தால், வைத்தியம் தொடங்கிய பிறகும் தண்ணீர்கூட ஏற்காமல் வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தால், மருத்துவரிடம் வலியில்லாமல் முடித்துவைக்கச் சொல்வதில் தவறில்லை. உங்கள் கோழி அந்த நிலையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டார் சொல்லும் குழம்பு யோசனையைப் பொறுத்தவரை, மருந்து உடம்பில் ஏறிய கோழியைச் சாப்பிடக்கூடாது. இந்தப் பதில் அவர்களை வாயடைக்கப் போதும். அதே காரணத்தால் மருந்து நடக்கும்போதும், முடிந்து மருத்துவர் சொல்லும் நாள்வரையும் அது இடும் முட்டையையும் சாப்பிட வேண்டாம். அடிபட்ட கோழி பெரும்பாலும் முட்டையை நிறுத்திவிடும், அதுவும் நல்லதுக்குத்தான். அதற்கு உதவியாக, கூடத்தில் இரவு பத்து பதினொன்றுவரை டிவி வெளிச்சம் படும் இடத்தில் பெட்டியை வைக்காதீர்கள். நீண்ட வெளிச்சம் முட்டை இடத் தூண்டும், தூக்கமும் கெடும். பொழுது சாய்ந்ததும் மேலே துணி போட்டு மூடுங்கள்.

தேறிய பிறகு நேரே கொண்டுபோய்க் கூட்டத்தில் விட்டுவிடாதீர்கள். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு, நார்வேக்காரர் ஷெல்டெருப் எபே 1921இல் அதை எழுதிவைத்தார். சில வாரம் காணாமல் போனவளுக்கு அந்த வரிசையில் இடம் காலியாக இருக்காது, புதியவளாகத்தான் நடத்துவார்கள். பொருக்கு உதிர்ந்து சிவப்புத் தோல் தெரிந்தால் அங்கேயே கொத்துவார்கள், பழைய காயம் திறக்கும். அதனால் கூடையோடு மாடிக்கு எடுத்துப்போய் மற்றவர்கள் கண்ணில் படும்படி, ஆனால் கொத்த முடியாதபடி, சில நாள் வையுங்கள். காலையிலும் மாலையிலும் மட்டும், வெயிலில் வேண்டாம். பக்கத்தில் ஒரு பழைய டயருக்குள் மண்ணும் சாம்பலும் போட்டு வைத்தால் புழுதியில் புரண்டு இறகைச் சரிசெய்துகொள்ளும், அதுவும் காயம் முழுதாக மூடிய பிறகே. முதலில் சாதுவான ஒரு பெட்டையை மட்டும் கூட விடுங்கள். சண்டையில்லை என்றால் மற்றவளையும் சேர்த்து, அந்திப்பொழுதில் எல்லோரும் அடையும் நேரத்தில் கூட்டுக்குள் விடுங்கள்.

சேவலைக் கடைசியாகச் சேருங்கள். அது மிதிக்கும்போது நகமும் முள்ளும் பதிவது சரியாக நாய் கடித்த அந்த முதுகில்தான். அங்கே புது இறகு அடர்ந்து மூடும்வரை, ஒன்றிரண்டு மாதம் ஆனாலும், சேவல் தடுப்புக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும். அந்த இடைவெளியில் மாடிப்படிக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் போட்டுவிடுங்கள்.